ஒரே ஏரி, ஒரே இனம்: ஒரு மீன் கோரைக்குள், இன்னொன்று நடு ஏரியில். மீனின் குணமா, அளவெடுப்பில் கோளாறா?

நாணல்காடு:

பெர்லினுக்கு வடக்கே ஷோர்ஃப்ஹைடே காட்டுக்குள் கிளைனர் டோல்ன்சே என்று ஒரு சின்ன ஏரி, சுமார் 25 ஹெக்டேர். அங்குள்ள பைக் என்ற நன்னீர் வேட்டை மீன்களுக்கு ரேடியோ டேக் (சிக்னல் அனுப்பும் சிறு கருவி) வைத்துப் பின்தொடர்ந்த ஆய்வு 2009-இல் வெளியானது. ஒரே ஏரிக்குள் மூன்று விதமான பைக் இருப்பதாக முடிவு. இரண்டு விதம் கரையோரத் தாவரங்களை விட்டு நகர்வதே இல்லை. மூன்றாவது விதம் எல்லா இடத்துக்கும் போகிறது. இரை குறையக் குறையத் திறந்த நீரில் அதிகம் தென்படுகிறது. மூன்றுக்கும் அளவிலோ வயதிலோ வளர்ச்சியிலோ வித்தியாசம் இல்லை. ஊர்சுற்றும் விதம் மட்டும் நீச்சலில் கூடுதல் சக்தி செலவழிக்கிறது, ஆனால் வளர்ச்சியில் பின்தங்கவில்லை.

பதுங்கியிருந்து பாயும் மீன் என்றுதான் எல்லாப் புத்தகமும் பைக்கை அறிமுகப்படுத்தும். அதிலேயே இப்படி என்றால் பெர்ச், ரோச், புளூகில் போன்ற மற்ற ஏரி மீன்கள் எல்லாம் எப்படியிருக்கும்?

என் கேள்வி முறை பற்றியது. "இந்த மீன் கரையோர மீன், அது நடு ஏரி மீன்" என்று அடித்துச் சொல்ல என்னென்ன சோதனைகளைத் தாண்ட வேண்டும்? படித்த கட்டுரைகளில் பாதி, இரண்டு வாரத் தரவை வைத்துக்கொண்டே "தனித்தன்மை" என்று எழுதிவிடுகின்றன.

---

சேற்றுநண்டு:

முதலில் தனித்தன்மை மாதிரி வேஷம் போடுபவற்றைக் கழித்துவிட்டுப் பேசுவோம்.

உடல் அளவுதான் பெரிய வேஷக்காரன். மிச்சிகன் ஏரிகளில் வெர்னரும் ஹாலும் புளூகில்லை வைத்துக் காட்டியது (1988) இதற்கு அடிப்படைப் பாடம். பொரித்த குஞ்சு திறந்த நீருக்குப் போகும். 12–14 மி.மீ. ஆனதும் கரையோரப் பாசிக்குள் (இங்கே பாசி என்பது நீருக்குள் அடர்ந்து வளரும் தாவரம்) திரும்பிவரும். பிறகு 50 மி.மீ.-க்குச் சற்று மேலிருந்து 80 மி.மீ.-க்குச் சற்று மேல் வரை ஏதோ ஓர் அளவில் மறுபடி திறந்த நீருக்குப் போய் டாஃப்னியா என்ற சிறு மிதவை உயிரியைத் தின்னும். அந்த அளவு ஏரிக்கு ஏரி மாறும். பெருவாய் பாஸ் என்ற வேட்டை மீன் அதிகமுள்ள ஏரியில் புளூகில் இன்னும் பெரிதாகும் வரை பாசிக்குள்ளேயே கிடக்கும். வெளியே தீனி அதிகம்தான், ஆனால் போனால் தானே தீனியாகிவிடும். ஆகவே 60 மி.மீ. மீனையும் 100 மி.மீ. மீனையும் ஒரே மாதிரிக்குள் போட்டால் "இரண்டு குணம்" தானாக வரும். அது குணமில்லை, வயசு.

பெர்ச்சும் அப்படியே: மிதவை உயிரி, அடித்தரைப் புழுபூச்சி, பிறகு மீன் என்று தீனி மாறும். சிறிய பைக் அடர்ந்த பாசிக்குள் இருப்பதற்குப் பெரிய பைக் தின்றுவிடும் என்பதே காரணமாயிருக்கலாம்.

அடுத்தது நேரம். ரோச் பகலில் கரையோரம், இரவில் திறந்த நீர். பெர்ச் கண்ணை நம்பி வேட்டையாடும், இருட்டினால் தரையோடு ஒட்டிவிடும். ஒரு மீனைப் பகலில் 30 முறையும் இன்னொன்றை இரவில் 30 முறையும் பதிவு செய்தால் கதை முடிந்தது. பருவமும் அதே கணக்கு. முட்டையிடும் காலத்தில் எல்லாப் பைக்கும் ஆழமற்ற கரைக்கு வரும், அதை வைத்து எதையும் சொல்லக்கூடாது.

ஆணா பெண்ணா என்று தெரியாமல் எழுதிய கட்டுரைகளை நான் பாதி நம்பிக்கையோடுதான் படிப்பேன்.

டோல்ன்சே கட்டுரையின் பலம், அளவும் வயதும் மூன்று விதத்துக்கும் ஒன்றுதான் என்று காட்டியதில் இருக்கிறது. அந்த வரி இல்லாவிட்டால் மற்றதற்கு மதிப்பில்லை.

---

முள்துடுப்பு:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் வேஷம் போடுவதில் கருவிதான் முதலிடம். டெலிமெட்ரி (டேக் சிக்னலை வைத்துத் தொலைவிலிருந்து பின்தொடர்வது) பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ரேடியோவா ஒலியா என்பது ஏரியைப் பொறுத்தது. ரேடியோ அலை ஆழத்தையும் உப்பையும் தாங்காது. ஆழம் குறைந்த, கடத்துதிறன் குறைந்த நன்னீரில் மட்டும் ஒழுங்காக வேலை செய்யும். ஆனால் பாசிக்கு நடுவிலிருந்தும் சிக்னல் வரும். ஒலி டேக் நேர்மாறு. ஆழத்தில் நன்றாகக் கேட்கும், கோரைக்கட்டைக்குள் செத்துவிடும். தண்டுகளும் அவற்றில் ஒட்டிய காற்றுக்குமிழிகளும் ஒலியைக் குடித்துவிடுகின்றன.

இதன் விளைவைப் பாருங்கள். ஒரு பெர்ச் நாளில் 20 மணி நேரம் பாசிக்குள்ளும் 4 மணி நேரம் வெளியிலும் இருக்கிறது. ரிசீவர் கேட்டது பெரும்பாலும் அந்த 4 மணி நேரத்தைத்தான். தரவு "திறந்த நீர் மீன்" என்று சொல்லும். பாசிவாசிகள் தொடர்ந்து குறைவாகவே எண்ணப்படுவார்கள்.

மருந்து: நகராத டேக்குகளைத் தெரிந்த இடத்தில் கட்டி வையுங்கள். அடர்ந்த பாசிக்குள் இரண்டு, கோரை விளிம்பில் இரண்டு, திறந்த நீரில் மேலே ஒன்று, வெப்பச்சரிவு அடுக்குக்கு (நீரின் வெப்பம் சட்டென்று குறையும் ஆழம்) கீழே ஒன்று. ஒவ்வொன்றும் அனுப்பியதில் எத்தனை சதவீதம் கேட்டது என்று வாரம்தோறும் கணக்கெடுங்கள். மே மாதம் 70 சதவீதம் கேட்ட இடம் பாசி வளர்ந்த ஆகஸ்டில் 10-க்கு இறங்கலாம். அந்த விகிதத்தைப் புள்ளியியல் மாதிரிக்குள் கொண்டுவராமல் "இடத் தேர்வு" என்று பேசுவது வீண்.

கடிகாரம். ரிசீவர்கள் ஒலி வந்துசேர்ந்த நேர வித்தியாசத்தை வைத்துத்தான் மீனின் இடத்தைச் சொல்கின்றன. 20 டிகிரி நன்னீரில் ஒலி விநாடிக்கு சுமார் 1,482 மீட்டர், 10 டிகிரியில் 1,447. கடிகாரம் 10 மில்லி விநாடி பிசகினால் தூரக்கணக்கு 15 மீட்டர் பிசகும். பத்து லட்சத்தில் 20 பங்கு பிழையுள்ள சாதாரணப் படிகக் கடிகாரம் ஒரு நாளில் 1.7 விநாடி ஓடிவிடும். அதனால் ஒத்திசைவு டேக் (ரிசீவர் கடிகாரங்களைச் சரிசெய்யத் தெரிந்த இடத்தில் கட்டும் டேக்) இல்லாமல் இடம் கணக்கிடவே முடியாது. ஒவ்வொரு ஒத்திசைவு டேக்கையும் குறைந்தது இரண்டு ரிசீவராவது கேட்க வேண்டும், அதுவும் சங்கிலி அறாமல். பல ஏரிகளில் கரையோர ரிசீவர் ஒன்று கோடையில் சங்கிலியிலிருந்து கழன்றுவிடும், யாரும் கவனிப்பதில்லை.

மோதல். 69 கிலோஹெர்ட்ஸ் ஒலி டேக் ஒருமுறை தன் எண்ணைச் சொல்லி முடிக்க 3–4 விநாடி ஆகும். 30 மீன் ஒரே ரிசீவர் எல்லைக்குள், சராசரி இடைவெளி 60 விநாடி என்று வையுங்கள். ஓர் ஒலிபரப்பு யாருடனும் மோதாமல் தப்பும் வாய்ப்பு சுமார் 4 சதவீதம். இடைவெளியை 180 விநாடி ஆக்கினால் 33 சதவீதம். "அதிகமாக அடிக்கட்டும், அதிகத் தரவு வரும்" என்று நினைத்து இடைவெளியைக் குறைப்பவர்களுக்குக் கிடைப்பது அமைதி. அதிலும் கூட்டமாக இருக்கும் மீன்கள்தான் அதிகம் மோதும், தனியாகத் திரியும் மீன் தெளிவாகக் கேட்கும். மறுபடி அதே பக்கச்சாய்வு.

---

குளத்துமேடு:

டேக் வைப்பதே மீனின் குணத்தை மாற்றிவிடாதா? வயிற்றைக் கீறித் தைத்த மீன் நான்கு நாள் கோரைக்குள் ஒதுங்கி நிற்காதா?

---

முள்துடுப்பு:

நிற்கும். அதனால்தான் முதல் ஒன்றிரண்டு வாரத் தரவைத் தள்ளிவிட வேண்டும்.

காற்றில் டேக்கின் எடை மீன் எடையில் 2 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்பது பழைய விதி. 200 கிராம் பெர்ச்சுக்கு 4 கிராம். சில இனங்கள் கூடுதலாகவும் தாங்கும், ஆனால் குணத்தைப் பற்றிப் பேசும் ஆய்வில் விளிம்பில் விளையாடாதீர்கள்.

மயக்கத்துக்கு எம்.எஸ்.-222, லிட்டருக்கு 80–100 மில்லிகிராம். இது அமிலம். மென்னீரில் அப்படியே கரைத்தால் நீரின் அமிலத்தன்மை ஏறி மீன் துடிக்கும். எடையில் இரண்டு பங்கு சமையல் சோடா சேர்த்துச் சமன் செய்ய வேண்டும். மீன் கவிழ்ந்து, வாலடியைக் கிள்ளினாலும் அசையாமல், செவுள் மூடி மட்டும் சீராக ஆடும் நிலையில் எடுக்க வேண்டும். மேசைமேல் இருக்கும்போது செவுள் வழியாக நீர் ஓடிக்கொண்டே இருக்கட்டும். வயிற்றுத் துடுப்புக்கும் கழிதுளைக்கும் நடுவே, நடுக்கோட்டிலிருந்து சற்று விலகி 1.5–2 செ.மீ. கீறல், ஒற்றை இழைக் கரையும் நூலில் இரண்டு அல்லது மூன்று தனித்தனித் தையல். பின்னல் நூல் வேண்டாம், இழைகளுக்குள் நீர் ஏறிப் பூஞ்சை பிடிக்கும். நீர் 20 டிகிரிக்கு மேல் போன பிறகு பெர்ச்சுக்கு அறுவை வைக்காமலிருப்பது நல்லது.

இன்னொன்று: எம்.எஸ்.-222 கொடுத்த மீனை 21 நாள் உணவாகக் கொள்ளக்கூடாது என்பது அமெரிக்க விதி. தூண்டில்காரர்கள் வரும் ஏரி என்றால் டேக் மேல் குறிப்பும் கரையில் பலகையும் வைக்க வேண்டும்.

---

கருஞ்செவுள்:

டெலிமெட்ரி சொல்வது மீன் எங்கே இருந்தது என்பதை. எங்கே தின்றது என்பதைச் சொல்லாது. பகலெல்லாம் கோரையில் ஒதுங்கிவிட்டு மாலையில் ஒரு மணி நேரம் நடு ஏரியில் வயிறு நிரப்பும் மீனை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்? அதற்குத்தான் கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்).

கரையோரக் கல்லிலும் தண்டிலும் படியும் நுண்பாசியைச் சுற்றி அசையாத நீர்ப்படலம் தடிப்பாக இருக்கும், கார்பன் வரத்து மட்டு. அதனால் அது கனமான கார்பன்-13-ஐயும் ஒதுக்காமல் எடுத்துக்கொள்ளும். மிதவை நுண்பாசி அவ்வளவு எடுக்காது. தின்றவனைத் தின்றவன் வரை இந்த முத்திரை அதிகம் மாறாமல் போகும். நைட்ரஜன்-15 ஒவ்வொரு உணவுப் படிக்கும் சுமார் 3.4 பெர்மில் (ஒரு பொதுத் தரத்தோடு ஒப்பிட்டு ஆயிரத்துக்கு எவ்வளவு வித்தியாசம் என்ற அளவு) ஏறும், கார்பன் 0.4 தான் ஏறும்.

செய்முறை: முதுகுத் துடுப்புக்குக் கீழே வெள்ளைத் தசை, தோலும் எலும்பும் இல்லாமல். 60 டிகிரியில் 48 மணி நேரம் உலர்த்தி, மாவாக அரைத்து, 0.5–1 மில்லிகிராம் தகரக் குப்பியில். மீனை உயிரோடு விட வேண்டுமென்றால் துடுப்புத் துண்டு போதும். ஆனால் தசைக்கும் துடுப்புக்கும் இருக்கும் வித்தியாசத்தைச் சில மீன்களிலாவது அளந்து திருத்துங்கள். ஃபார்மலினிலோ சாராயத்திலோ போட்ட மாதிரி வேண்டாம், கார்பன் மதிப்பு நகர்ந்துவிடும்.

கொழுப்பில் கார்பன்-13 குறைவு. கார்பன்–நைட்ரஜன் விகிதம் 3.5-ஐத் தாண்டினால் திருத்தம் வேண்டும்: விகிதத்தை 0.99-ஆல் பெருக்கி 3.32 கழித்து, வருவதை அளந்த மதிப்போடு கூட்டுங்கள். விகிதம் 4.2 என்றால் 0.84 பெர்மில் கூடும். கொழுத்த மீன் "நடு ஏரி மீன்" ஆகிவிடுவது பெரும்பாலும் இந்த வரியை விட்டதால்தான்.

இப்போது ஒரு கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை. அடிப்படையாக நத்தை (கரையோரம்): கார்பன் −22, நைட்ரஜன் 5.5. மட்டி (வடிகட்டித் தின்பதால் திறந்த நீர்): −31, 7.0. பெர்ச்: −26.1, 13.6. நுண்பாசி முதல் உணவுப் படி, அதைத் தின்னும் நத்தையும் மட்டியும் இரண்டாம் படி. பெர்ச் அதிலிருந்து இரண்டு படி மேல் என்று எடுத்தால் கார்பனில் 0.8 கழிக்க வேண்டும்: −26.9. அது −31-இலிருந்து 4.1 தூரம், மொத்தத் தூரம் 9. ஆக 46 சதவீதம் கரையோரம். நைட்ரஜன் அடிப்படையையும் அதே விகிதத்தில் கலந்தால் 6.3. 13.6-இலிருந்து கழித்து 3.4-ஆல் வகுத்தால் 2.14, இரண்டாம் படியோடு கூட்டினால் 4.14. முதலில் எடுத்த "இரண்டு படி மேல்" ஏறக்குறைய ஒத்துப்போகிறது. ரொம்ப விலகினால் புது எண்ணை வைத்து இன்னொரு சுற்று போடுங்கள்.

நத்தையும் மட்டியும் ஏன் என்றால், அவை பல மாத மதிப்பைச் சராசரியாக்கி வைத்திருக்கும். மிதவை உயிரிகளை நேராக அளந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மதிப்பு குதிக்கும்.

---

சேற்றுநண்டு:

கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் ஏரியில் இரண்டே வாசல்தான் என்று யார் சொன்னது? ஆழ்பகுதிச் சேற்றில் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் மீத்தேன் உருவாகி, அதைத் தின்னும் பாக்டீரியாவைக் கைரோனோமிட் என்ற பூச்சியின் புழு தின்னும். அந்தப் புழுவின் கார்பன் −40, −50 கூடப் போகும். அதைக் கொஞ்சம் தின்ற பெர்ச் உங்கள் கணக்கில் "முழு நடு ஏரி மீன்" என்று வரும். உண்மையில் அது ஆழத் தரையைக் கிளறிக்கொண்டிருந்தது. மட்டியைவிட எதிர்ப்பக்கம் போன ஒரு மீன் இருந்தாலே மூன்றாவது மூலம் இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

---

கருஞ்செவுள்:

ஒத்துக்கொள்கிறேன். ஆழ்பகுதிப் புழுக்களையும் அளந்து மூன்று மூலக் கலவை மாதிரி போட வேண்டும். வெயிலில் அடுக்கு பிரிந்து அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும் ஏரிகளில் இது கட்டாயம்.

ஐசோடோப்பால் கிடைக்கும் பெரிய லாபம் காலம். வளர்ந்த மீனின் தசை மாறப் பல மாதம் ஆகும், கல்லீரல் சில வாரங்களில் மாறும். ஒரே மீனில் இரண்டையும் அளந்து, இரண்டும் கரையோரம் என்றே சொன்னால் அந்த மீன் பருவம் தாண்டியும் அங்கேதான் தின்கிறது. தசை கரையோரம், கல்லீரல் நடு ஏரி என்றால் அது இடம் மாறிய மீன். இரைப்பையைத் திறந்து பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள். ஒரே டாஃப்னியாக் கூட்டத்துக்குள் நுழைந்து வயிறு நிரப்பிய மீன் அன்றைக்கு மட்டும் நிபுணன்.

---

செதில்எண்ணி:

உடலமைப்பை யாரும் பேசவில்லையே. ஸ்வீடன் ஏரிகளில் ஸ்வான்பெக், எக்லவ் ஆகியோர் பெர்ச்சில் காட்டியது: கரையோரப் பெர்ச் உயர்ந்த உடல், திறந்த நீர்ப் பெர்ச் ஒடிசலான உடல். புளூகில்லில் ஏலிங்கரும் வில்சனும் (1988) மார்புத் துடுப்பின் நீளத்தைப் பார்த்தார்கள். பாசிக்குள் தின்பவைக்குத் துடுப்பு நீளம், நின்ற இடத்தில் மிதந்து தேடி, சட்டென்று திரும்ப வசதி. நியூயார்க்கின் பாரடாக்ஸ் ஏரியில் பூசணிவிதை சன்ஃபிஷ், புளூகில் இல்லாத இடத்தில் கரையோர உருவம், திறந்த நீர் உருவம் என இரண்டாகப் பிரிந்திருக்கிறது. இதன் உச்சம் ஐஸ்லாந்தின் திங்வல்லவாட்ன்: ஆர்க்டிக் சார் என்ற ஒரே இனம் நான்கு உருவம். அடித்தரையில் சிறியது, பெரியது, மிதவை உயிரி தின்பது, மீன் தின்பது. உள்ளூர்க்காரர்கள் ஆய்வாளர் வருவதற்கு முன்பே தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள்.

அளவெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை. மீனின் இடப்பக்கம் படம், பக்கத்தில் அளவுகோல், துடுப்புகளை ஊசியால் விரித்து. உறைய வைத்து எடுத்த மீனும் புது மீனும் ஒரே தொகுப்பில் வேண்டாம். முதுகு வளைந்திருந்தால், உருவ வேறுபாட்டுக் கணக்கில் அந்த வளைவே முதல் அச்சாக வந்து நிற்கும். வயிறு நிரம்பிய மீனும் சினை மீனும் "கரையோர உருவம்" போலவே தெரியும், அதனால் படத்தில் குறித்த வயிற்றுக்கோட்டுப் புள்ளிகளை விட்டு ஒருமுறை ஆய்ந்து பாருங்கள். உடல் நீளத்தின் பாதிப்பைக் கழிக்காமல் எதையும் ஒப்பிட வேண்டாம். செவுள் சீப்பு முட்களை முதல் செவுள் வளைவில் எண்ணுங்கள். நடு ஏரி மீனுக்குப் பொதுவாக எண்ணிக்கையோ நீளமோ கூடுதல். எண்ணிக்கை சாப்பாட்டால் மாறாது என்பதால் அது நல்ல சாட்சி.

---

நாணல்காடு:

உருவம் காரணமா, விளைவா?

---

செதில்எண்ணி:

பெர்ச்சில் பெரும்பகுதி விளைவு. ஒரே தாயின் குஞ்சுகளைப் பாசி உள்ள தொட்டியிலும் இல்லாத தொட்டியிலும் வளர்த்தால் உடல் உயரம் மாறுகிறது, இடம் மாற்றினால் ஓரளவு திரும்பவும் செய்கிறது. பரம்பரைப் பங்கும் இருக்கிறது, ஆனால் சிறிது. ஸ்டிக்கிள்பேக் என்ற சிறு மீனில் தலைகீழ். பிரிட்டிஷ் கொலம்பியாவின் டெக்ஸாடா தீவில் பாக்ஸ்டன் ஏரியின் அடித்தரை, நடுநீர் உருவங்கள் வெளியே ஒன்றாக வளர்த்தாலும் வேறாகவே வளரும். அவற்றைத் தனி இனம் என்றே நடத்துகிறார்கள். வாங்கூவர் தீவின் ஈனோஸ் ஏரியிலும் அப்படி ஒரு ஜோடி இருந்தது. சிக்னல் நண்டால் என்று சொல்வார்கள், எப்படியோ இரண்டும் கலந்து ஒன்றாகிவிட்டன. ஆகவே "ஒரே இனத்துக்குள் தனிமீன் வேறுபாடு", "இனம் பிரிகிறது" இரண்டுக்கும் நடுவில் வேலி இல்லை, வழுக்குப்பாறைதான்.

---

முள்துடுப்பு:

மாதிரி எடுத்த விதத்தையும் மறக்கவேண்டாம். ஐரோப்பியத் தர வலை (12 கண்ணி அளவு, 5 மி.மீ. முதல் 55 வரை, ஒவ்வொன்றும் 2.5 மீட்டர், மொத்தம் 30) சும்மா தொங்கும். யார் அதிகம் நீந்துகிறார்களோ அவர்கள்தான் மாட்டுவார்கள். டோல்ன்சேயின் ஊர்சுற்றும் பைக் மாதிரி மீன்கள் வலையில் கூடுதலாகவும், பதுங்கியிருப்பவை குறைவாகவும் வரும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பைரோவும் போஸ்ட்டும் (2008) வானவில் டிரவுட்டின் வேகமாக வளரும் வகையையும் மெதுவாக வளரும் வகையையும் இரண்டு ஏரியில் விட்டு செவுள் வலை போட்டார்கள். வேகமான, துணிச்சலான வகை மூன்று மடங்கு அதிகம் பிடிபட்டது.

தூண்டிலில் துணிச்சல் மீன்தான் மாட்டும் என்று எல்லாரும் நினைப்பார்கள். ஒண்டாரியோவின் ஒபினிகான் ஏரிப் புளூகில்லில் வந்த முடிவு எதிர்மாறு: தூண்டிலில் வந்தவை கூச்ச சுபாவமுள்ளவை, இழுவலையில் வந்தவை துணிந்தவை. தூண்டில் மறைவிடத்தை ஒட்டிப் போடப்படுகிறது, அங்கே இருப்பவைதானே கடிக்கும். அதனால் டேக் வைக்கும் மீன்களைக் குறைந்தது இரண்டு முறையில், இரண்டு இடத்தில் பிடியுங்கள். பிடித்த முறையைத் தரவுப் பட்டியலில் ஒரு நெடுவரிசையாக வைத்துப் புள்ளியியல் மாதிரிக்குள் சேருங்கள்.

---

நாணல்காடு:

இப்போது புள்ளியியலுக்கு வருவோம். எத்தனை மீன், எத்தனை பதிவு?

---

சேற்றுநண்டு:

முதலில் சூனியக் கணக்கு, அதாவது மீனுக்குக் குணமே இல்லை என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு. பாதி நேரம் கரை, பாதி நேரம் நடு ஏரி என்று நாணயம் சுண்டுகிற மீன். அதைப் 10 முறை பதிவு செய்தால், ஒரே பக்கம் 8 அல்லது அதற்கு மேல் விழும் வாய்ப்பு சுமார் 11 சதவீதம். 20 மீன் வைத்திருந்தால் இரண்டு "நிபுணர்" சும்மாவே கிடைப்பார்கள். மீன்தோறும் 50 பதிவாவது இல்லாமல் வகைப்படுத்தலில் இறங்காதீர்கள்.

ஆனால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு பதிவு என்று 50 எடுத்தால் அது ஒரே பதிவுதான். மீன் 10 மணிக்குப் பாசியில் இருந்தால் 10:02-க்கும் அங்கேயே இருக்கும். நாள்வாரி அல்லது வாரவாரிச் சுருக்கத்துக்குப் போங்கள்: ஒரு வாரத்தில் எத்தனை பங்கு நேரம் நடு ஏரியில் என்று ஓர் எண், பகல் தனி, இரவு தனி.

அதன் பிறகு மீண்டும்வரல் அளவு: மீன்களுக்கிடையிலான மாறுபாட்டை, மொத்த மாறுபாட்டால் வகுப்பது. மீன்களுக்கிடையே 0.12, ஒரே மீனுக்குள் வாரத்துக்கு வாரம் 0.20 என்றால் 0.12-ஐ 0.32-ஆல் வகுக்க, 0.375. விலங்குகளின் நடத்தை எல்லாவற்றையும் திரட்டிப் பார்த்த 2009-ஆம் ஆண்டுத் தொகுப்பில் சராசரி 0.37. அதனால் யாராவது 0.85 என்று எழுதினால் பெருமைப்படுவதற்கு முன் எத்தனை நாள் தரவு என்று பாருங்கள். ஒரு வாரத் தரவில் எல்லா மீனும் குணவான்தான்.

புள்ளியியல் மாதிரியில் நீளம், பால், வெப்பநிலை, மாதம், பிடித்த முறை எல்லாம் நிலையான (எல்லா மீனுக்கும் பொதுவான) பக்கத்தில்; மீன் எண் சீரற்ற (மீனுக்கு மீன் மாறும்) பக்கத்தில். மாதத்துக்கு மீன்தோறும் வேறு சரிவு விடுங்கள். இல்லாவிட்டால் கோடையில் மட்டும் நடு ஏரிக்குப் போகும் மீனும் ஆண்டு முழுவதும் போகும் மீனும் ஒன்றாகிவிடும். வைக்கோல் தீ மாதிரி வசந்தத்தில் எரிந்து அணைகிற வேறுபாடும், இரண்டாம் ஆண்டிலும் நிற்கிற வேறுபாடும் ஒரே பெயரில் கட்டுரைகளில் உலவுகின்றன, அதுதான் என் ஆட்சேபம்.

---

கருஞ்செவுள்:

நெரிசலைப் பதிவு செய்யுங்கள். ஸ்டிக்கிள்பேக்கை அடைப்புக்குள் நெருக்கி வைத்தபோது மீன்களுக்கிடையே தீனி வேறுபாடு கூடியது (ஸ்வான்பெக், போல்னிக், 2007). வட ஸ்வீடனின் பெர்ச்சிலும் எண்ணிக்கை ஏறும் ஆண்டில் தனித்தன்மை ஏறியது, இறங்கும்போது இறங்கியது. பிடித்த தீனி தீர்ந்தால் ஒவ்வொரு மீனும் வேறு வேறு இரண்டாம் தீனிக்குத் திரும்புகிறது. டோல்ன்சேயிலும் அதே நிழல்: இரை குறையும்போதுதான் மூன்றாவது விதம் நடு ஏரிக்குப் போனது. ஆகவே மீண்டும்வரல் அளவு இந்த ஆண்டு 0.4, அடுத்த ஆண்டு 0.2 வந்தால் தவறு என்று முடிவுகட்ட வேண்டாம், முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள்.

---

குளத்துமேடு:

டேக், ரிசீவர் விலை எல்லாம் தலை சுற்றுகிறது. நம் ஊர் ஏரி, கண்மாய்களில் ஜிலேபிக் கெண்டை, விரால் வைத்து மலிவாக ஏதாவது?

---

முள்துடுப்பு:

பிட் டேக், அதாவது மீனின் உடலுக்குள் வைக்கும் சிறு எண் சில்லு. 134.2 கிலோஹெர்ட்ஸ், பேட்டரி கிடையாது, மீன் சாகும் வரை வேலை செய்யும். 12 மி.மீ. நீளமானது சிறு மீனுக்கு, 23 மி.மீ. சுமார் 12 செ.மீ.-க்கு மேற்பட்ட மீனுக்கு. குறை: டேக்கைப் படிக்கும் கம்பி வளையத்திலிருந்து அரை மீட்டர், மிஞ்சினால் ஒரு மீட்டர்தான் படிக்கும். அதனால் குறுகிய வாய் இருக்கும் இடத்துக்குச் சரி. தென் ஸ்வீடனின் கிராங்கேஷன் ஏரியில் ரோச் குளிர்காலத்தில் ஓடைக்குப் போகிறதா, ஏரியிலேயே தங்குகிறதா என்று பார்த்தது இப்படித்தான். ஓடை வாயில் வளையம். தொட்டியில் ஒளிவிடத்திலிருந்து சீக்கிரம் வெளிவந்த துணிச்சல் ரோச்தான் அதிகம் புலம்பெயர்ந்தது (2011). கண்மாயில் மடைவாய், வரத்துக்கால் இரண்டிலும் அதே யோசனை பொருந்தும்.

ஒலி டேக்கை அங்கே நினைக்காதீர்கள். ஒன்றரை மீட்டர் ஆழம், கலங்கல், காற்றடித்தால் அலை, முழுப்பரப்பும் பாசி: சிக்னல் ஐம்பது மீட்டர் போனால் அதிர்ஷ்டம். கோடையில் நீர் சுருங்கினால் கரை, நடு என்ற பிரிவே காணாமல் போகும், அப்போது "இடத் தேர்வு" என்று எண்ண எதுவும் மிஞ்சாது. நீர் நிறைந்திருக்கும் மாதங்களை மட்டும் எடுத்து, நீர்மட்டத்தை ஒவ்வொரு பதிவோடும் எழுதுங்கள்.

---

கருஞ்செவுள்:

கண்மாயில் ஐசோடோப்புக்கும் ஒரு எச்சரிக்கை. கழிவுநீர், உரம், மாட்டுச்சாணம் வரும் மூலையில் நைட்ரஜன்-15 அடித்தளமே ஏறிவிடும். அந்த மூலையில் வாழும் மீன் "உயர்ந்த படி" என்று காட்டும், தின்றதோ அதே பாசிதான். நத்தையை ஒரே இடத்தில் எடுக்காமல் நான்கு மூலையிலும் எடுங்கள். நான்கும் 3 பெர்மிலுக்கு மேல் வித்தியாசப்பட்டால் படிக்கணக்கை விட்டுவிட்டு, மீன் எந்த மூலைக்காரன் என்று சொல்ல அதையே பயன்படுத்தலாம்.

---

நாணல்காடு:

அந்தக் கடைசி வரி எனக்குப் போதும். டேக் வாங்குவதற்கு முன் நத்தை பொறுக்கப் போகிறேன். முள்துடுப்பு, நிலையான டேக்கைப் பாசிக்குள் எந்த உயரத்தில் கட்ட வேண்டும்?

---

முள்துடுப்பு:

ஒன்று தரையிலிருந்து 30 செ.மீ., இன்னொன்று பாசியின் பாதி உயரம். கயிற்றின் மேல்முனையில் சின்ன மிதவை, கீழே கல். டேக்கின் ஒலி வரும் முனை மேல்நோக்கி இருக்கட்டும். தொங்கவிட்டு முனை சேற்றில் புதைந்ததை மூன்று மாதம் கழித்துக் கண்டுபிடிப்பது இந்த வேலையில் சர்வசாதாரணம். ரிசீவர் நேரத்தை உலகப் பொது நேரத்திலேயே வைத்திருங்கள், கோடை நேரம் மாறும் ஐரோப்பிய நாடுகளில் அக்டோபர் கடைசி ஞாயிறு ஒரு மணி நேரம் இரண்டு முறை வரும்.